ஒஸ்தியாத் துறையில் புனித மோனிக்கா

உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் நான்கு பெருங்கோயில்களையும் தரிசிப்பர். நிலத்தடிக் கல்லறைகளில் இறங்கிச் செபிப்பர். திருத்தந்தையின் ஆசீரைப் பெற்று மனநிறைவோடு ஊர் திரும்புவர். ஆனால், அந்நகரின் சின்னப்பர் வாயிலருகே உள்ள சிறு நிலையத்திற்குச் சென்று, கடற்கரை நோக்கிப் போகும் மின்சார இரயிலில் ஏறி அமர்வோர் வெகு சிலரே. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அந்த இரயில் ‘பழைய ஒஸ்தியா’ என்னும் நிலையத்தில் நிற்கிறது. நெடுஞ்சாலைக்கு மேலே கட்டப்பட்ட நடைபாலத்தைக் கடந்து சென்றால், ஒருபுறம் பழங்கோட்டை ஒன்றும், அதன் நிழலில் ஒதுங்கியிருக்கும் ஒரு சிற்றூரும் காட்சியளிக்கின்றன. மறுபுறம், ஊசியிலை மரங்களுக்கு நடுவே, கூரையிழந்த ஒரு பெருநகரம் பரந்து கிடக்கிறது.

கி.பி. 387 ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தாய் ஒருவர், தம் பிள்ளைகளோடு தாயகம் திரும்பக் கப்பலை எதிர்நோக்கியிருந்த வேளையில், இந்த ஊரில்தான் கண்மூடினார். அவரே புனித மோனிக்கா; திருச்சபையின் மறைவல்லுநர் புனித அகுஸ்தீனாரின் அன்னை.

வழிதவறிய பிள்ளைகளுக்காகச் செபிக்கும் தாய்மார் அனைவரும் அவருடைய கண்ணீரை நினைவுகூர்கின்றனர். அது தகும். ஆயினும் ஒஸ்தியாவின் வீதிகளில் நடந்தபோது என் உள்ளத்தை நிறைத்தது வேறொரு சிந்தனை. தம் அன்புக்குரியவற்றை வாழ்நாளெல்லாம் இறுகப் பற்றியிருந்த ஒரு தாய், அவற்றை ஒவ்வொன்றாக இறைவன் கையில் ஒப்படைத்து, இறுதியில் தமது கல்லறையைக்கூட விட்டுக்கொடுத்த இடம் இது.

கடல் விலகிய துறைமுகம்

‘ஒஸ்தியா’ என்னும் பெயர், ‘வாய்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தைபர் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் எழுந்த ஊராதலின் அப்பெயர் பெற்றது. இன்று அங்கே கடலைக் காண முடியாது. நதி சுமந்துவந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்காகப் படிந்து, கடற்கரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நதியும் 1557 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் தன் பழைய வளைவை விட்டுப் புதிய வழி கண்டது.

நகரின் தலைவாயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக நீள்கிறது, கருங்கற்கள் பாவிய இராஜவீதி. அதன் இருமருங்கும் குளியல் மண்டபங்கள், களஞ்சியங்கள், செங்கல்லால் எழுப்பிய மாடிக் குடியிருப்புகள், உணவுக்கடைகள் ஆகியவற்றின் சுவர்கள் நிற்கின்றன. நடுவழியில் அரைவட்டப் படிக்கட்டுகளோடு நாடக அரங்கம் ஒன்று. அதன் பின்புறம் ஒரு பெரிய சதுக்கம். சுற்றிலும் வணிகர்களின் சிறு அறைகள் ஏறத்தாழ அறுபது. ஒவ்வோர் அறையின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதித்த சித்திரங்கள்: பாய் விரித்த கப்பல்கள், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால், ஓரிடத்தில் ஒரு யானை. அவற்றுள் ஒன்று, கார்த்தேஜ் நகரத்துக் கப்பல் உரிமையாளர்களின் இடம் என்று எழுத்தால் அறிவிக்கிறது. உரோமைக்கு உணவளித்த தானியம் அந்த ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. மோனிக்கா திரும்பிச் செல்ல விரும்பியதும் அதே கரைக்குத்தான்.

மோனிக்காவின் காலத்தில், பெருங்கப்பல்கள் வடக்கே சிறிது தொலைவில் இருந்த புதுத் துறைமுகத்திற்குச் சென்றமையால், ஒஸ்தியாவின் ஆரவாரம் அடங்கியிருந்தது. செல்வர்கள் அங்கே பளிங்கு பதித்த வீடுகளைத் தோட்டங்களோடு அமைத்து வாழ்ந்தனர். அக்காலத்து வீடுகளில் சிலவற்றை இன்றும் நாம் காணலாம். நடுவே திறந்த வெளி, நீர் சொரியும் சுவர் மாடங்கள், பல நிறப் பளிங்குத் தரை எனப் பாழடைந்த நிலையிலும் அவை அழகு குன்றவில்லை. மிலானிலிருந்து நெடும்பயணம் செய்து களைத்து வந்த அகுஸ்தீனாரின் குடும்பம், மக்கள் நெரிசலுக்கு ஒதுங்கி, தோட்டம் அமைந்த ஒரு வீட்டில் தங்கி இளைப்பாறியது.

ஒஸ்தியா வரை ஒரு தாயின் பாதை

மோனிக்கா பிறந்தது தகாஸ்தே என்னும் சிற்றூரில். அவ்வூர் இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்குகிறது. கிறிஸ்தவப் பெற்றோரின் மகளாக வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவர அனுப்பப்படுவார். ஒருவாய் பருகிப் பார்ப்பார். அது நாளடைவில் கிண்ணம் கிண்ணமாக வளர்ந்தது. ஒருநாள் வேலைக்காரப் பெண் சினந்து ‘குடிகாரி’ என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் தைத்தது; பழக்கம் அன்றோடு நின்றது. தம் தாயைப் பற்றிய இச்செய்தியை உலகுக்குச் சொன்னவர் அகுஸ்தீனாரே. புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

கணவர் பத்ரீசியுஸ் அப்போது கிறிஸ்தவர் அல்லர். அன்புள்ளம் படைத்தவரெனினும் முன்கோபி. மனைவிக்கு உண்மையாகவும் இருக்கவில்லை. வேலைக்காரிகளின் கோள்சொல்லைக் கேட்டு மாமியாரும் மருமகளை வெறுத்தார். மோனிக்கா பொறுமையாலும் பணிவிடையாலும் மாமியாரின் மனத்தை வென்றார். கணவரும் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் திருமுழுக்குப் பெற்றார். கணவனிடம் அடிபட்டு முகத்தில் தழும்போடு வந்த தோழியருக்கு, எதிர்த்துப் பேசாதிருக்குமாறு மோனிக்கா அறிவுரை கூறியதையும் அகுஸ்தீனார் எழுதியுள்ளார். இன்று அதைப் படிக்கும் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனைவியை அடிப்பது பாவம். அடிபட்டுக் கிடப்பது புண்ணியமன்று. பெண்ணுக்குச் சட்டமும் சமூகமும் துணைநில்லாத ஒரு காலத்தில் மோனிக்கா கண்ட வழியைக் காட்டி, துன்புறும் பெண்ணை வாய்மூடச் செய்வது எவருக்கும் தகாது.

கணவர் மறைந்தபோது அகுஸ்தீனாருக்கு வயது பதினேழுக்கு மேலில்லை. படிக்கச் சென்ற கார்த்தேஜில் அவர் ஒரு பெண்ணோடு மணமின்றி வாழ்ந்து, அதெயோதாத்துஸ் என்னும் ஆண்மகனுக்குத் தந்தையானார். பத்தொன்பதாம் வயதில் மானிக்கேய மதத்தில் சேர்ந்தார். தாய் துடித்தார், தொடக்கத்தில் மகனோடு ஒரே மேசையில் உண்ணவும் மறுத்தார். அப்போது ஒரு கனவு கண்டார். தாம் ஒரு மரச் சட்டத்தின்மேல் நிற்பதாகவும், ஒளிமிக்க இளைஞர் ஒருவர் வந்து, திரும்பிப் பார்க்குமாறு கூறியதாகவும், பார்த்தபோது மகனும் அதே சட்டத்தின்மேல் தம் அருகே நிற்கக் கண்டதாகவும் அக்கனவு. மகன் அதைக் கேட்டு, தாயே தம் மதத்திற்கு வந்துவிடுவார் என்று பொருள் கூறினார். தாய் சற்றும் தயங்காமல் மறுத்தார்: மகன் நிற்குமிடத்தில் தாயன்று, தாய் நிற்குமிடத்தில் மகன் நிற்பான் என்றுதான் தமக்குச் சொல்லப்பட்டது என்றார். ஆயர் ஒருவரிடம் சென்று, மகனோடு பேசுமாறு அழுது மன்றாடினார். அவர் பேச மறுத்தார். ஆனால், இத்தனைக் கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோக இயலாது என்று உறுதி கூறி அனுப்பினார்.

383 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோ, எந்தத் தாய்க்கும் நேரக்கூடாத ஏமாற்றம். உரோமைக்குப் புறப்பட்ட மகனைத் தடுக்க மோனிக்கா கார்த்தேஜ் துறைமுகம் வரை பின்தொடர்ந்தார். நண்பனை வழியனுப்ப வந்ததாக மகன் பொய் சொன்னார். அருகிலிருந்த புனித சிப்பிரியானுஸ் ஆலயத்தில் தாய் இரவெல்லாம் செபித்தார். விடிந்தபோது கப்பல் போய்விட்டது. மகன் போகக்கூடாது என்று தாய் கேட்டதை அன்றிரவு இறைவன் தரவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுவந்ததைத் தருவதற்காகவே தரவில்லை என்று, பின்னாளில் அகுஸ்தீனார் இதற்கு விளக்கம் காண்கிறார். ஏனெனில் உரோமை வழியாக அவர் சென்றடைந்த ஊர் மிலான். அங்கேதான் ஆயர் அம்புரோசியாரின் மறையுரை அவருக்காகக் காத்திருந்தது.

தாயும் கடல் கடந்து மிலானுக்கு வந்தார். தம் நாட்டு வழக்கப்படி, கூழும் அப்பமும் இரசமும் கூடையில் ஏந்தி மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குப் போனார். ஆயர் அதைத் தடைசெய்திருப்பதாக வாயிற்காவலர் கூறவே, முணுமுணுக்காமல் அப்பழக்கத்தைக் கைவிட்டார்.

மிலானில் ஒரு நிழலும் உண்டு. மகனுக்குத் தகுதியான மணம் முடிக்கத் தாய் பெரிதும் முயன்றார். அதற்குத் தடையெனக் கருதப்பட்டு, பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பெண், தான் பெற்ற மகனையும் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போக நேர்ந்தது. அவள் பெயரைக்கூட அகுஸ்தீனார் எழுதவில்லை. தம் இதயம் கிழிந்து இரத்தம் வடிந்ததை மட்டுமே எழுதினார். மோனிக்காவின் கண்ணீரைப் போற்றும் நாம், பெயரறியாத அந்தத் தாயின் கண்ணீரையும் மறக்கலாகாது. அதையும் ஆண்டவர் கணக்கில் வைத்திருப்பார்.

386 ஆம் ஆண்டில் அகுஸ்தீனார் மனம் மாறினார். பதவி, மணம் அனைத்தையும் துறந்து இறைவனுக்கே வாழத் துணிந்தார். மகனுக்கு மணமுடித்துப் பேரப்பிள்ளைகளைக் காணத் தாய் கொண்டிருந்த கனவு அன்றோடு முடிந்தது. மோனிக்கா அதற்காக வருந்தவில்லை. கேட்டதைவிட மிகுதியாகப் பெற்றுவிட்டதாக அகமகிழ்ந்தார். 387 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள், பாஸ்காத் திருவிழிப்பு இரவில், அகுஸ்தீனாரும் மகன் அதெயோதாத்துஸும் அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றனர். பின்னர் குடும்பம் ஆப்பிரிக்கா செல்ல ஒஸ்தியாவை வந்தடைந்தது.

தோட்டத்தைப் பார்த்த சன்னல்

ஒஸ்தியாவில் ஒருநாள் தாயும் மகனும் தனியே, தோட்டத்தை நோக்கிய சன்னலில் சாய்ந்தவாறு நின்று உரையாடினர். புனிதர்களின் நிலைவாழ்வு எத்தகையதாக இருக்கும் என்பதே பேச்சு. உலக இன்பங்களைக் கடந்து, வானையும் விண்மீன்களையும் கடந்து, தம் உள்ளங்களையும் கடந்து, ஒரு கணம், ஒரே கணம், அழியா ஞானத்தை இதயத்தால் தொட்டுவிட்டதாக அகுஸ்தீனார் எழுதுகிறார். பின்பு பெருமூச்செறிந்து, மனிதப் பேச்சின் ஒலிக்கு இருவரும் திரும்பினர்.

ஒருவர் இலத்தீன் நாவன்மையில் பேராசிரியர். மற்றவர் பெருங்கல்வி பெறாத கைம்பெண். எத்தனையோ ஆண்டுகள் இவர்களிடையே வாக்குவாதமும் மௌனமும் பொய்யும் நின்றன. இப்போது இருவரும் சமமாக நின்று இறைவனைப் பற்றிப் பேசுகின்றனர். திருச்சபை போற்றும் மறைபொருள் அனுபவங்களுள் மடத்தின் அறையில் நிகழாமல், ஒரு குடும்பத்தில், தாய்க்கும் மகனுக்கும் இடையே நிகழ்ந்தது இது. வளர்ந்த பிள்ளைகளோடு வரவுசெலவும் வீட்டுக்கடனும் மட்டுமே பேசும் நம் இல்லங்களுக்கு, ஒஸ்தியாவின் அந்தச் சன்னல் இன்றும் திறந்தே இருக்கிறது.

அன்றே மோனிக்கா, இவ்வுலகில் தாம் செய்ய வேண்டியது இனி எதுவும் இல்லை என்றும், மகனைக் கிறிஸ்தவனாகக் காண்பதற்காகவே இதுவரை வாழ விரும்பியதாகவும் சொன்னார்.

கல்லறையையும் விட்டுக்கொடுத்தல்

ஐந்து நாள்களுக்குள் காய்ச்சல் கண்டது. ஒருநாள் மயங்கி விழுந்து, விழித்தெழுந்ததும், அருகில் நின்ற மக்களை நோக்கித் தம்மை இங்கேயே அடக்கம் செய்துவிடுமாறு கூறினார். அகுஸ்தீனார் அழுகையை அடக்கிக்கொண்டு பேசாதிருந்தார். மற்றொரு மகன் நவீஜியுஸ், அந்நிய மண்ணில் அன்றிச் சொந்த ஊரில் இறப்பதே நல்லது என்றார். தாய் கண்களாலேயே அவரைக் கடிந்துகொண்டார். உடலை எங்கே வைத்தாலும் சரி, அதைப் பற்றிய கவலை வேண்டாம். எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்பதே அவர் விடுத்த ஒரே வேண்டுகோள்.

இதன் அருமையை உணர ஒரு செய்தியை நாம் அறிந்திருக்க வேண்டும். தகாஸ்தே ஊரில் கணவரின் கல்லறைக்கு அருகே தமக்கென்று ஓர் இடத்தை மோனிக்கா முன்பே ஆயத்தம் செய்து வைத்திருந்தார். வாழ்வில் இணைந்தவர்கள் மண்ணிலும் இணைந்து கிடக்க வேண்டும், அதைக் கண்டு ஊரார் நினைவுகூர வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தது. மகனைத் துறைமுகம் வரை விரட்டிப் பிடித்த அதே பற்று, கல்லறை வரையிலும் நீண்டிருந்தது. ஒஸ்தியாவில் அதுவும் அவிழ்ந்தது. ஊரைவிட்டு இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச் செல்ல அஞ்சவில்லையா என்று நண்பர்கள் கேட்டபோது, இறைவனுக்குத் தொலைவு என்று ஒன்றில்லை என்றும், உலக முடிவில் தம்மை எங்கிருந்து எழுப்புவது என்பதை அவர் அறியாதிருப்பார் என்ற அச்சம் தமக்கில்லை என்றும் விடையளித்தார்.

நோயின் ஒன்பதாம் நாள், தம் ஐம்பத்தாறாம் வயதில் அவர் உயிர் நீத்தார். பேரன் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான்; பெரியவர்கள் அவனை அமைதிப்படுத்தினர். நண்பர் எவோதியுஸ் சங்கீத நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் பதில் பாடினர். கல்லறையருகே அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அகுஸ்தீனார் அழவில்லை. துயரம் கரையும் என்று எண்ணி நீராடிப் பார்த்தார், கரையவில்லை. உறங்கி எழுந்தபின், அம்புரோசியார் இயற்றிய மாலைப் பாடல் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் தேங்கிய கண்ணீர் உடைந்தது. தமக்காகப் பல்லாண்டுகள் அழுத தாய்க்காகத் தாம் சிறிது நேரம் அழுததை எவரும் எள்ளி நகையாட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்கிறார்.

நிலம் காத்த சாட்சியம்

அந்தக் கல்லறை என்னவாயிற்று? ஒஸ்தியாக் கோட்டையின் அருகே, மறைசாட்சி புனித அவுரேயாவின் பெயரால் ஒரு சிறு கோயில் உள்ளது. இன்றுள்ள கட்டடம் 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1945 ஆம் ஆண்டில், இக்கோயிலை அடுத்த முற்றத்தில் விளையாட்டுக்குக் கம்பம் நட இரு சிறுவர்கள் குழி தோண்டினர். மண்ணுக்குள் எழுத்துப் பொறித்த பளிங்குத் துண்டு ஒன்று தட்டுப்பட்டது. அது மோனிக்காவின் கல்லறைக் கவிதையின் ஒரு பகுதி! உரோமைப் பெருமகன் பாசுஸ் என்பவர் இயற்றிய அக்கவிதையின் வாசகம் பழைய கையெழுத்துப் பிரதிகள் வாயிலாக அறிஞர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பொறித்த கல் மட்டும் மறைந்து கிடந்தது. நூலேடுகள் சொன்னதற்கு நிலம் சாட்சியம் அளித்தது. அந்தத் துண்டை இன்று அக்கோயிலில் காணலாம்.

புனிதையின் திருப்பண்டங்கள் 1430 ஆம் ஆண்டில், திருத்தந்தை 5 ஆம் மார்ட்டின் காலத்தில் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. நவோனா சதுக்கத்திற்கு அருகில் உள்ள புனித அகுஸ்தீனார் பேராலயத்தில், தலைப்பீடத்தின் இடப்புறச் சிற்றாலயத்தில் அவை இப்போது இருக்கின்றன. அதே ஆலயத்தில், வாயிலருகே, பேறுகால அன்னை எனப் போற்றப்படும் மரியன்னையின் சிற்பமும் உண்டு. பிள்ளைப்பேற்றுக்காக வேண்டிக்கொள்ளும் பெண்கள் அதன்முன் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். குழந்தையை வேண்டி நிற்கும் இளந்தாய் ஒரு புறம்; வளர்ந்த பிள்ளைக்காக அழுதுகொண்டு மோனிக்காவின் பேழை முன் முழந்தாளிடும் முதிய தாய் மறுபுறம். தாய்மையின் முழு நெடும்பயணமும் அந்த ஒரே கூரையின்கீழ் அடங்கியிருக்கிறது.

மே 4 ஆம் நாள் கொண்டாடப்பட்ட மோனிக்காவின் விழா, 1969 ஆம் ஆண்டு வழிபாட்டு நாள்காட்டியின் சீரமைப்பில் ஆகஸ்ட் 27 ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது. மறுநாளே மகனின் திருவிழா. கார்த்தேஜ் துறைமுகத்தில் ஓர் இரவில் பிரிந்தவர்களை, திருச்சபை அடுத்தடுத்த நாள்களில் அமர்த்தி மகிழ்கிறது. 2025 ஆம் ஆண்டு மே 8 ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14 ஆம் லெயோ, அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஒரு தாயின் கண்ணீர் எத்தனை நூற்றாண்டுகள் பாய்ந்து வந்திருக்கிறது!

கல்லறைத் தோட்டமும் பீடமும்

பங்குக் குருவிடம் முதியோர் வைக்கும் வேண்டுகோள்களுள் ஒன்று நான் அடிக்கடி கேட்பது: “சாமி, நான் செத்தால் என்னை எங்க வீட்டுக்காரர் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.” இந்த ஆசையில் குற்றமில்லை. மோனிக்காவுக்கும் அது இருந்தது. இறந்தோரின் உடலைத் திருச்சபை பெருமதிப்போடு அடக்கம் செய்கிறது. நவம்பர் 2 ஆம் நாள் நாம் கல்லறைகளை மலரால் அணிசெய்வதும் அதனாலேயே. ஆனால் இன்று நம் குடும்பங்கள் சிதறி வாழ்கின்றன. மகன் வளைகுடா நாட்டில். மகள் கடல் கடந்து வேறொரு கண்டத்தில். தாயின் அடக்கத்திற்கு வந்துசேர முடியாமல் தொலைபேசியில் அழுத பிள்ளைகள் உண்டு. பிள்ளையின் முகம் காணாமல் கண்மூடிய தாய்மாரும் உண்டு. அந்த ஆறாத புண்ணோடு வாழ்வோர்க்கு ஒஸ்தியா ஒரு மருந்து தருகிறது. இறைவனுக்கு எந்த மண்ணும் அந்நிய மண்ணன்று. உயிர்ப்பின் நாளில் எழுப்புபவருக்கு நம் ஊர்ப்பெயர்கள் தடையாவதில்லை.

மோனிக்கா கேட்டது கல்லறைக்கல் அன்று. பீடத்தில் ஒரு நினைவு. அகுஸ்தீனாரும் தம் நூலைப் படிப்போர் அனைவரும் மோனிக்காவையும் பத்ரீசியுஸையும் திருப்பலியில் நினைவுகூருமாறு வேண்டுகிறார். முன்கோபியான அந்தத் தகப்பனையும் அவர் விட்டுவிடவில்லை. ஆகவே, அன்பு வாசகர்களே, கல்லறைக்குச் சலவைக்கல் பதிக்கச் செலவிடுவோர், இறந்தோர் பெயரால் ஒரு திருப்பலிக்கும் கொடுங்கள். அதில் நீங்களே குடும்பத்தோடு பங்குகொள்ளுங்கள். தொலைவில் உள்ள பிள்ளை அங்குள்ள ஆலயத்தில் அதே நாளில் பங்குகொள்ளட்டும். அப்போது தாயும் பிள்ளையும் ஒரே பீடத்தில் சந்திக்கின்றனர்.

புனித மோனிக்கா அன்னையே, எங்கள் பிள்ளைகளை இறுகப் பற்றிச் செபிக்கவும், வேளை வரும்போது அவர்களை இறைவன் கையில் விட்டுவிடவும் எங்களுக்கு அருள் பெற்றுத் தாரும்.